இரண்டாவது ஆணை



நம் குருதியில் காவல்புரியும் டி உயிரணுக்கள், பகைக்கிருமியின் அடையாளத்தைக் கண்ட மாத்திரத்தில் போருக்கு எழுவதில்லை. 'சி.டி. 28' என்னும் மூலக்கூறின் வழியே இரண்டாவது ஆணையும் வந்து சேர வேண்டும். ஏன் இத்தனை எச்சரிக்கை?

2006 மார்ச் 13-ஆம் நாள் இலண்டனில் இதற்கு விடை கிடைத்தது. முதல் ஆணை இன்றியே சி.டி. 28-ஐத் தூண்டும் புதுமருந்து, சோதனைக்கென முன்வந்த நலமுள்ள ஆறு இளைஞருக்குச் செலுத்தப்பட்டது. விலங்குகளுக்குத் தீங்கிழைக்காத அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கே அது. ஆயினும் ஒன்றரை மணி நேரத்துக்குள் அவர்களைக் காய்ச்சலும் நடுக்கமும் பற்றின. காக்க வேண்டிய படையே உடலைத் தாக்கிற்று. மருத்துவர்தம் அரும்பாட்டால் அறுவரும் பிழைத்தனர். ஒருவர் கால்விரல்களை இழந்தார்.

இவ்வணுக்களுக்குக் கடிவாளமும் உண்டு. அதன் பெயர் 'சி.டி.எல்.ஏ. 4'. சிறுவயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் அலிசன், அக்கடிவாளத்தைத் தளர்த்தினால் அவை புற்றைத் தாக்கும் என்பதை 1996-இல் எலிகளில் மெய்ப்பித்தார். அவ்வழியில் பிறந்த மருந்து 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2018-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனினும் கடிவாளம் மிகத் தளர்ந்தால் நோயாளியின் குடலே புண்படுவதுண்டு.

வலிமை மட்டும் காவலாகாது. அடக்கமும் காவலின் ஒரு பாதியே. பிள்ளையின் பிழையைக் கண்டவுடன் கையோங்கும் பெற்றோரே, இரண்டாவது ஆணைக்குச் சற்றே காத்திருங்கள்.