நுரையீரல் அறுவைக்குப் பின்: படுக்கையைவிட நடையே மருந்து

உட்லண்ட்ஸ் சுகாதார வளாகம் 2024 ஜூலையில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டபின், மார்சிலிங் குடியிருப்பாளர்களுக்குப் பெரிய மருத்துவமனை ஒன்று பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால், புற்றுநோய் போன்ற காரணங்களால் நுரையீரலின் ஒரு பகுதியையோ ஒரு பக்க நுரையீரலையோ அகற்றிக்கொண்டவர்களின் மீட்சி, எந்த மருத்துவமனையிலும் முடிவதில்லை. பாதிப் பணி வீட்டுக் கூடத்திலும் வீவக தாழ்வாரத்திலும்தான் நடக்கிறது.

வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. ஒரு மடலை எடுத்தால் எஞ்சிய பகுதி விரிந்து ஈடுகொடுக்க வேண்டும். வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சுவிட்டால் சளி தேங்கும், நிமோனியா வரலாம். அதனால்தான் இயன்மருத்துவர்கள் மறுநாளே எழுந்து உட்காரவும் நடக்கவும் வைக்கிறார்கள். ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி, காயத்தின்மேல் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுவது, தோள்பட்டை இறுகாமலிருக்கக் கையை உயர்த்துவது ஆகியவை அடிப்படைப் பாடங்கள்.

ஒரு நுரையீரலோடும் நெடுநாள் வாழலாம். 1933ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுநோயாளி ஒருவரின் இடது நுரையீரலை முழுமையாக அகற்றினார். அந்த நோயாளி அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார்.

நம் வீடுகளில் தடையாக நிற்பது பெரும்பாலும் பாசம்தான். “அசையாமப் படுங்கப்பா, நாங்க பாத்துக்கிறோம்” என்று தண்ணீரைக்கூடக் கையில் கொடுக்கிறோம். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கோ ஒவ்வொரு சிகிச்சைச் சந்திப்புக்கும் விடுப்பு எடுப்பது சிரமம். வாரம் ஒருமுறை நிபுணரைப் பார்த்துவிட்டு மற்ற நாளெல்லாம் படுத்திருந்தால் பலன் குறைவு.

2030க்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். படுக்கைகளை மட்டும் கூட்டினால் போதாது. வீடு திரும்பும்முன் பராமரிப்பாளருக்கும் பயிற்சிகளைச் செய்துகாட்ட வேண்டும். மூத்தோருக்குப் புரியும் தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் அறுவைக்கு முன்பே மூச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். புகைப்பவர் அன்றே நிறுத்த வேண்டும்.

எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை மருத்துவக் குழுவே சொல்ல வேண்டும். முழு நுரையீரலை இழந்தவருக்குக் கூடுதல் கவனம் தேவை. திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 995.

மற்றபடி முதலில் வீட்டு வாசல், பிறகு மின்தூக்கி வரை, ஒருநாள் மார்சிலிங் பூங்கா. கூட நடக்க ஒருவர் இருந்தால் அந்தத் தூரம் குறையும்.