யாருக்குக் காவல் தெய்வம்?



நம் பழைய மாணவர் குழுவில் வரதராஜ முதலியார் படத்துக்கு மாலை போட்டு, ‘பம்பாய்த் தமிழர்களின் காவல் தெய்வம்’ என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறான். நாற்பது பேர் கைகூப்பியிருக்கிறீர்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தூத்துக்குடியில் பிறந்து, பம்பாய் வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர் அவர். மூட்டை தூக்கி யாரும் தாதா ஆவதில்லை. மதுவிலக்குச் சட்டம் இருந்த ஊரில் கள்ளச்சாராயம் விற்றுத்தான் ஆனார். அதைக் குடித்தது யார்? மலபார் ஹில் சேட்டா? தாராவியில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த நம் திருநெல்வேலிக்காரன். அவன் கூலியைச் சாராயத்தில் வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சத்தை அவன் வீட்டுக் கல்யாணத்துக்கே கொடுத்தால் அதற்குப் பெயர் தர்மமா?

சிவசேனை விரட்டியபோது அவர்தானே நின்றார் என்பீர்கள். 1966-க்குப் பிறகு அங்கே நம்மவர்கள் அடி வாங்கியது நிஜம். அரசாங்கம் எட்டிப் பார்க்காத சேரியில் ரேஷன் கார்டுக்கும் தண்ணீருக்கும் அவர் வாசலில் நின்றதும் நிஜம். அது அரசாங்கத்தின் வெட்கக்கேடு. அவருக்கு அதில் என்ன பெருமை? ஜனங்கள் கையேந்தி நிற்கும்வரைதான் அவர் பிழைப்பு.

எல்லாம் ‘நாயகன்’ செய்த வேலை. (நல்ல படம்தான், நானே நாலு தடவை பார்த்தேன்.) 1987 தீபாவளிக்குப் படம் வந்தபோது, நிஜ மனிதர் ஒய்.சி. பவார் என்ற போலீஸ் அதிகாரியின் கெடுபிடி தாங்காமல் பம்பாயை விட்டு நம் மெட்ராஸில் இருந்தார். வேலு நாயக்கர் துப்பாக்கிக் குண்டில் விழுந்தார். இவர் 1988 ஜனவரி 2-ல் மாரடைப்பில் இங்கேயே போனார். ஹாஜி மஸ்தான் தனி விமானம் வைத்து உடலைக் கொண்டுபோனார்.

அதே வருஷங்களில் நம் அடையாறைத் தாண்டி, திருவான்மியூரில் ஆட்டோ சங்கர் செய்ததும் சாராய வியாபாரம்தான். 1995-ல் சேலம் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஆறு கொலை செய்தவனோடு இவரைச் சேர்க்கலாமா என்று பாயாதீர்கள். தொழில் ஒன்று என்கிறேன். சங்கர் படத்துக்கு மாலை போட உங்களில் யாருக்காவது கை வருமா? மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் ஒரு பஸ் தூரம், அதனால் வராது. தாராவி தூரத்தில் இருக்கிறது. அங்கே குடித்துக் கெட்ட குடும்பம் எதுவும் நம் தெருவில் இல்லை.

தம்பி, அந்தப் படத்தை எடுத்துவிடப்பா. தாராவியில் பிறந்து இங்கே வந்து படித்த இரண்டு பேர் அதே குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் கைகூப்பவில்லை, கவனித்தாயா?