பல் போனால் சொல் மட்டும்தானா போகும்?



"பல் போனால் சொல் போச்சு" என்பது சின்ன வயசிலிருந்து நாம் கேட்டு வரும் பழமொழி. ஆனால் பல் போவதற்கு முன்பே உடம்பில் வேறு என்னவெல்லாம் கெடுகிறது என்று எந்தப் பழமொழியும் எனக்குச் சொல்லவில்லை. அதை எனக்குச் சொல்லித் தந்தது என் அம்மாவின் வாய்தான்.

எங்கள் ஊர் கருவடிக்குப்பம். பாரதியாரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் குயில் தோப்பு இருக்கும் ஊர். அது ஊருக்குப் பெருமை. எங்கள் வீட்டுக்கு இருக்கும் ஒரே பெருமை, பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதுதான். அப்பா பெயிண்டர். அம்மா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறார். அம்மாவுக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையைத் தவறாமல் போடுவார். சோற்றையும் குறைத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவே இல்லை.

அதே ஐந்து வருடமும் காலையில் பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம் வரும். "உடம்பு சூடுடா. வெயில்ல வேலை செய்யறேன் இல்ல, அதான்" என்பார். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். இரண்டு கடைவாய்ப் பல் ஆடியது. ஒரு கிளினிக்கில் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியவர், "சுகர் இருக்கா?" என்று கேட்டார். புண் ஆற வேண்டுமே என்பதற்காகக் கேட்டார். சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தவரோ, ஒரு தடவைகூட "வாயைத் திறங்க" என்று சொன்னதில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று இருவருமே சொல்லவில்லை. வாய் வேறு, உடம்பு வேறா? இந்தக் கேள்வியோடுதான் போன வருடம், மூன்றாவது பல்லும் ஆட ஆரம்பித்தபோது, நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

வாய்க்குள் ஓர் ஊர்

1683ஆம் வருடம். ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் ஊர். ஆன்டனி வான் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டி எடுத்து, தானே தேய்த்துச் செய்த லென்ஸில் வைத்துப் பார்த்தார். சின்னஞ்சிறு ஜீவன்கள் நெளிந்து ஓடின! லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் பல்கலைக்கழக வாசலைப் பார்த்தவர் அல்ல. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் உங்களில் பலருக்குப் புரியும்.

வினிகரால் வாயைக் கொப்பளித்தும் அவர் பார்த்தார். அழுக்கின் மேலே இருந்த ஜீவன்கள் செத்தன. உள்ளே இருந்தவை சாகவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மனித வாயில் வாழும் கிருமிகள் 700 வகைக்கும் மேல் என்று இன்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் வாயிலேயே அத்தனையும் இருக்காது. ஆளுக்கு ஆள் மாறும். கிருமி என்றாலே எதிரி என்று நினைக்கிறோம். அது தப்பு. இவற்றில் பெரும்பாலானவை குடித்தனக்காரர்கள். வெளியிலிருந்து வரும் கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பதே இவர்கள் செய்யும் பெரிய உதவி. இன்னொன்றும் உண்டு. கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் இருக்கிறது. நாக்கின் மேல் வாழும் சில கிருமிகள்தான் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்ஸைடாகி, ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவுகிறது. கடுமையான மருந்துத் தண்ணீரால் ஒரு வாரம் தொடர்ந்து கொப்பளிக்க வைத்து ஆராய்ந்தபோது, ரத்த அழுத்தம் சிறிது கூடியிருக்கிறது. "கிருமியை எல்லாம் கொன்றுவிடும்" என்று டி.வி.யில் வரும் விளம்பரத்தைப் பார்த்துக் கைதட்டுகிறோமே, எல்லாவற்றையும் கொன்றால் நமக்கு உதவி செய்ய யார் இருப்பார்கள்?

பாய்லரில் படியும் ஸ்கேல்

அப்படியென்றால் பல் தேய்க்காமலே இருந்துவிடலாமா என்று கேட்காதீர்கள்! நம் மெக்கானிக்கல் வகுப்பில் பாய்லர் பற்றிப் படித்திருக்கிறோம். தண்ணீரில் உள்ள உப்பு குழாயில் படிந்து ஸ்கேல் ஆகிறது. முதலில் மெல்லிய படலம்தான். கவனிக்காமல் விட்டால் கெட்டியாகிக் குழாயையே கெடுக்கிறது. பல்லிலும் இதே கதைதான். கிருமிகள் சேர்ந்து பசை மாதிரி ஒரு படலம் கட்டுகின்றன. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, காரையாக இறுகுகிறது. பல் டாக்டர் அதை எடுப்பதற்கும் ஸ்கேலிங் என்றே பெயர்! லீவன்ஹூக் கொப்பளித்த வினிகர் உள்ளே போகாததற்குக் காரணம் இந்தப் படலம்தான். அதைக் கொப்பளித்துக் கரைக்க முடியாது. பிரஷ்ஷால் தேய்த்துத்தான் கலைக்க வேண்டும். காரையாக இறுகிவிட்டால் பிரஷ்ஷும் போதாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

படலம் ஈறுக்குக் கீழே இறங்கினால் அங்கே காற்று கிடையாது. காற்றில்லாத இடத்தில் வளரும் கெட்ட கிருமிகளின் கை ஓங்குகிறது. ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. பிறகு பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பல் ஆடுகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால்தான் நம் அம்மாக்கள் அதை வியாதி என்றே நினைப்பதில்லை.

ஈறும் சர்க்கரையும்

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்து ஈறு நோய் முற்றுகிறது. இது பலருக்கும் தெரியும். இதன் மறுபக்கம்தான் தெரிவதில்லை. ஈறில் உள்ள அழற்சி ரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் பரவி, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. ஆகவே சர்க்கரை ஏறுகிறது. ஒன்றுக்கு ஒன்று தீனி போடுகிறது! பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022இல் வெளிவந்த காக்ரேன் அறிக்கை, சர்க்கரை நோயாளிகளின் ஈறுக்கு முறையாக வைத்தியம் பார்த்தால், மூன்று நான்கு மாதத்தில் "மூணு மாச சுகர்" டெஸ்ட்டின் எண் சராசரியாக 0.43 இறங்குவதாகச் சொல்கிறது. 8.5 இருந்தால் ஏறக்குறைய 8.1 ஆகும். மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு சேர்த்து. சின்ன எண்தான். ஆனால் சோற்றைக் குறைத்தும் இறங்காத வீட்டில் அது சின்ன விஷயமா?

இது என் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவோடு நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் மிக அதிகமாக உள்ள இடங்களில் கோவா 26.4 சதவிகிதத்துடன் முதலிடம். அதை ஒட்டி 26.3 சதவிகிதத்துடன் இரண்டாமிடம் நம் புதுச்சேரி! இந்தியா முழுமைக்கும் 11.4தான். வளர்ந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர் என்றால், இந்த மலரைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் ஈறில் ரத்தம் வருகிறதா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

பல்லா, கூலியா?

"ஏழைகளுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று மேடையில் சுலபமாகப் பேசிவிடுகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வைத்தியத்துக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டபோது அம்மா சொன்னது இது: "பல்லு போனா போவுதுடா. கூலி போனா சோத்துக்கு எங்க போறது?" கணக்கைப் பாருங்கள். பிடுங்கினால் ஒரு நாள் கூலி போகும். ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் மூன்று நாலு தடவை போக வேண்டும், அத்தனை நாள் கூலியும் போகும். மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். ஆகவே பிடுங்குவதுதான் ஏழைக்குக் கட்டுப்படியாகும் வைத்தியம்! இது அறியாமை இல்லை நண்பர்களே, கணக்கு.

கோரிமேடு இந்திரா நகரில் மகாத்மா காந்தி பெயரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். நாட்டிலேயே சர்க்கரை அதிகமுள்ள ஊர்களில் ஒன்று நம்முடையது. பல் டாக்டர்களை உருவாக்கும் ஊரும் நம்முடையது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டாமா? என் கோரிக்கைகள் மூன்றுதான். சர்க்கரைக்கு மருந்து கொடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் நோயாளியின் வாயையும் பார்க்க வேண்டும். கூலி வேலை செய்பவர்களுக்காக மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஈறு வைத்தியம் நடக்க வேண்டும். நம் மாணவர் சங்கம் வருடத்துக்கு ஒரு நாள் பல் பரிசோதனை முகாம் நடத்தி, நம்மோடு பெற்றோரையும் அழைக்க வேண்டும். ரத்த தான முகாம் நடத்தத் தெரிந்த நமக்கு இது முடியாதா?

அம்மாவை நான் அழைத்துக்கொண்டு போனேன். நாலு தடவை. போன கூலியை ஈடுகட்ட, லீவு நாட்களில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போனேன். சர்க்கரை முழுசாக இறங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது. ஆனால் இப்போது துப்பினால் ரத்தம் இல்லை. மூன்றாவது பல் இன்னும் அம்மாவின் வாயில்தான் இருக்கிறது. பொட்டுக்கடலையை மென்றுகொண்டே அம்மா சொன்னார்: "நீ படிச்சதுக்கு இதாவது மிச்சமாச்சுடா."

படித்தவர்கள் நாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நம் பெற்றோரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்வோம்: "வாயைத் திறங்க."

இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு