ஆழத் தண்ணீரும் அலங்காரக் குழாயும்

அண்மையில் கொழும்பிலே நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, வாசலில் நின்ற ஜீப் வண்டி என் கண்ணில் பட்டது. உயர்த்தப்பட்ட உடல், முரட்டு ரயர்கள், கூரைமீது விளக்கு வரிசை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பக்கத்திலிருந்து கூரைவரை ஏறி நிற்கும் கறுப்பு நிற மூச்சுக் குழாய். ‘ஸ்நோர்கல்’ என்று அதனை அழைக்கின்றனர். வண்டி நண்பரின் மகனுடையது. “எந்த ஆறு கடந்தனீர் தம்பி?” என்று கேட்டேன். “இன்னும் ஒண்டும் இல்லை அங்கிள். ஆனா இது இருந்தா நாலடித் தண்ணிக்குள்ளயும் போகலாம்” என்றார் அவர்.

அந்தப் பதிலே இக்கட்டுரைக்குக் காரணம். நான் மோட்டார்ப் பொறியியலாளன் அல்லன். ஆயினும் செய்தி சேகரிக்கவென வன்னியிலும் கிழக்கிலும் பல மாரிகாலங்களில் பிறருடைய வண்டிகளில் அலைந்தவன் என்ற முறையிலும், அவ்வண்டிகளின் சாரதிகளிடம் பாடம் கேட்டவன் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்லலாமென எண்ணுகின்றேன்.

முதலில் அந்தக் குழாயையே எடுத்துக்கொள்வோம். எஞ்சின் காற்றை உள்ளிழுத்து இயங்குவது. காற்றுக்குப் பதிலாக நீர் உள்ளே சென்றால் என்ன நேரும்? காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. மேலெழும் பிஸ்டன் அமுங்காத நீரில் மோதும்போது, அதனைத் தாங்கும் கொனெக்ரிங் றொட் வளைகிறது, அல்லது முறிகிறது. அமுக்கம் அதிகமுள்ள டீசல் எஞ்சின்களில், சிலிண்டருள் எஞ்சும் இடம் மிகச் சிறியதாதலால், சிறிதளவு நீரே இதற்குப் போதுமானது. ஆகவே காற்று உட்செல்லும் வாயை உயர்த்துவது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் குழாயின் மேல்வாய் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், அது எயார் கிளீனர் பெட்டியுடன் இணையும் இடத்தில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தால் நீர் அங்கே புகுந்துவிடும். அப்பெட்டியின் அடியில் தூசு வடிவதற்கென ஒரு சிறு ரப்பர் வாயும் உண்டு. அது வெடித்திருந்தால் குழாய் வெறும் அலங்காரமே. நண்பரின் மகனுடைய வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்தோம். இணைப்பில் இறுக்கும் வளையமே இருக்கவில்லை. பூட்டியவர் மறந்திருக்கலாம், அல்லது இவ்வண்டி எங்கே தண்ணீரைக் காணப்போகிறது என்று எண்ணியிருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத இடங்களே அதிக கவனத்தை வேண்டுவன. முன் அச்சு, பின் அச்சு, கியர் பெட்டி ஆகியவற்றுள் ஒயில் இருக்கிறது. ஓட்டத்தில் அவை சூடேறும். உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேற ‘பிறீதர்’ எனப்படும் சிறு துவாரம் வைத்திருக்கின்றனர். சூடான அச்சு திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலுள்ளதை உறிஞ்ச முற்படுகிறது. வெளியிலுள்ளதோ சேற்று நீர். அத்துவாரங்களிலிருந்து மெல்லிய குழாய்களை எடுத்து எஞ்சின் அறையின் மேற்பகுதிவரை கொண்டுசென்று கட்டிவிடுவது, செலவு மிகக் குறைந்த, ஆனால் மிகப் பயனுள்ள வேலை. நமது இளைஞர்களில் எத்தனை பேர் இதனைச் செய்கின்றனர்? வீதியில் போகிறவர் எவரும் அதனைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லையே! மறுநாள் ஒயில் பால் தேநீரின் நிறத்திற்கு மாறியிருப்பதைக் கண்டால்தான் பலருக்குப் புத்தி வருகிறது. அதனையும் பாராது மேலும் சில மாதங்கள் ஓடி, பல்சக்கரம் அரைபட்ட பின்னர் கராஜுக்கு வருவோரே அதிகம்.

பழைய லான்ட் ரோவர் வண்டிகளை நான் இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியாது. கிளச் உறையின் அடியில் ஒயில் வடிவதற்கு ஒரு துவாரம் இருக்கும். நீரைக் கடக்குமுன் அதனை அடைப்பதற்கென ஒரு திருகுமூடி உண்டு. கடந்த பின் அதனைக் கழற்றிவிட வேண்டும். அக்காலச் சாரதிகள் வேறும் சில வேலைகள் செய்வர். பெற்றோல் வண்டியாயின், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்கு ரப்பர் உறை போடுவர். நீர் ஆழமாயின் விசிறியின் பட்டியைக் கழற்றிவிடுவர். ஏனெனில் நீருள் சுழலும் விசிறி எஞ்சின்மீது நீரை வாரி இறைப்பதுடன், சில வேளைகளில் முன்புறமாக வளைந்து றேடியேற்றரையே கிழித்துவிடும். வண்டியின் முகத்தில் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி, மெல்ல நடக்கும் வேகத்தில் லோ கியரில் செலுத்துவர். அப்போது வண்டிக்கு முன்னே ஓர் அலை எழும். அதன் பின்னால் எஞ்சின் அறையில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். வேகம் கூடினால் அலை முன்மூடிக்கு மேலாக ஏறும். நின்றுவிட்டால் அலை திரும்பி வந்து எஞ்சினை மூடும். நடுவே கியர் மாற்றக் கூடாதென்பது அவர்களுடைய வேதவாக்கு.

இவ்வளவும் நின்ற நீருக்கு உரிய பாடம். இனிச் சொல்லப்போவதே நம் நாட்டுக்கு முக்கியமானது.

2011 சனவரியில் கிழக்கு மாகாணம் பெருவெள்ளத்தில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் இரண்டு வண்டிகளுடன் கிரானுக்குச் சென்றிருந்தேன். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி மாரிகாலங்களில் மூழ்கிப் போவதும், அப்பாலுள்ள ஊர்மக்கள் தோணியையும் உழவு இயந்திரத்தையும் நம்பி வாழ்வதும் மட்டக்களப்பாருக்குப் புதிதல்ல. எங்கள் வண்டிகள் இரண்டிலும் மூச்சுக் குழாய் இருந்தது. எங்கள் வண்டியைச் செலுத்தியவர் அறுபதை அண்டிய மனிதர். நீரோரத்தில் வண்டியை நிறுத்தினார். சாரத்தை மடித்துக் கட்டினார். ஒரு நீண்ட தடியை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். இடுப்பளவு நீர்வரை சென்று, தடியால் குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“என்ன அண்ணை, போகேலாதோ?” என்றேன்.

“ஆழம் பிரச்சினையில்ல ஐயா. தண்ணி இழுக்குது. றோட்டுக் கரையை அரிச்சுப் போட்டுது. நான் நிக்கேலாத இடத்தில வண்டியும் நிக்காது” என்றார்.

மற்றைய வண்டியில் இருந்த இளம் அதிகாரிக்கு அவசரம். அவ்வண்டி எங்களைக் கடந்து இறங்கியது. முப்பது யார் சென்றதும் எஞ்சின் இருமியது, நின்றது. சாரதி பதற்றத்தில் திரும்பத் திரும்ப ஸ்ராட் செய்தார். நீர் குடித்த எஞ்சினைச் சுற்ற முயல்வதைப்போல் கேடு வேறில்லை. முதலில் வண்டியை இழுத்தெடுத்து, டீசல் எஞ்சினாயின் இன்ஜெக்டர்களை அல்லது குளோ பிளக்குகளைக் கழற்றி, உள்ளிருக்கும் நீர் வெளியே பீறிடும்படி சுற்ற வேண்டும். அன்று அதற்கு யாரும் பொறுத்திருக்கவில்லை. ஊரவர் ஒருவர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கம்பியால் கட்டி இழுத்தார். எவருக்கும் உயிர்ச்சேதமில்லை. எஞ்சினுக்குள் றொட் வளைந்திருந்ததென்று பின்னர் அறிந்தேன்.

அந்த முதிய சாரதியின் சொல்லுக்குப் பின்னால் உள்ள கணக்கு எளியது. நான்கு மீற்றர் நீளமும் 1.7 மீற்றர் அகலமும் கொண்ட வண்டியின் அடித்தட்டைத் தாண்டி நீர் பத்துச் சென்ரிமீற்றர் ஏறினால், உள்ளே நீர் புகாத வரையில், ஏறத்தாழ 680 கிலோ எடையை அது மேல்நோக்கித் தூக்குகிறது. முப்பது சென்ரிமீற்றர் ஏறினால் இரண்டு தொன் வண்டியே மிதக்கத் தொடங்கும். அதற்கு வெகு முன்னரே சில்லுகள் நிலத்தைப் பற்றும் வலிமையை இழந்துவிடுகின்றன. பக்கவாட்டில் ஓட்டமும் இருந்தால் கேட்க வேண்டியதில்லை. ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கதவுகள் இறுக மூடும் புதிய வண்டியே சீக்கிரம் மிதக்கும். எல்லாப் பக்கமும் ஒழுகும் பழைய லான்ட் ரோவருள் நீர் புகுந்து அதனை நிலத்தில் இருத்திவைக்கும். பழைய டிஃபெண்டர் வண்டிக்கு 500 மில்லிமீற்றர் என்றும், புதியதற்கு 900 மில்லிமீற்றர் வரை என்றும் உற்பத்தியாளர் சொல்லும் ஆழமெல்லாம் ஆறு பெருகி ஓடும்போது துணைக்கு வராது. பாய்ந்தோடும் நீரில் அறுபது சென்ரிமீற்றர் ஆழமே பெரும்பாலான வண்டிகளை அள்ளிச் செல்லப் போதுமென்று அமெரிக்க வானிலைச் சேவை நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது.

உழவு இயந்திரம் எல்லாவற்றையும் வெல்லும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழ வேரூன்றியுள்ளது. கிரானில் எங்களைக் காப்பாற்றியதும் அதுதான், மறுக்கவில்லை. பெரிய சில்லு, உயர்ந்த எஞ்சின், கனத்த உடல். ஆனால் பின்னால் பூட்டியிருக்கும் பெட்டியை யார் நினைக்கின்றனர்? அது அகன்றது, இலேசானது, ஓட்டத்திற்குப் பக்கங்காட்டி நிற்பது. அது மிதந்து இழுபட்டால் முன்னே உள்ளதையும் இழுத்துச் செல்லும். மனிதரை ஏற்றுவதோ அந்தப் பெட்டியில்தான்.

2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. சிலர் மீட்கப்பட்டனர், பல பிள்ளைகள் உடலங்களாகவே திரும்பினர். ஓராண்டின் பின், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது, கலா ஓயா வெள்ளத்தில் பயணிகள் பஸ் ஒன்று அகப்பட்டு, அதிலிருந்தோர் மணிக்கணக்கில் தவித்த பின்னரே மீட்கப்பட்டனர். இவ்விரு இடங்களிலும் வண்டியின் ஆயத்தம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ‘இன்று இவ்வழியே எதுவும் போகக் கூடாது’ என்று உரிய வேளையில் சொல்லித் தடுக்கும் ஏற்பாடுதான் வேண்டியிருந்தது.

அவுஸ்திரேலியாவில் வாழும் வாசகர்கள் அங்கே வெள்ளம் பாயும் வீதிகளின் ஓரத்தில் மீற்றர் அளவு குறித்த கம்பங்கள் நடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். வீதி மட்டத்திற்கு மேல் நீர் எவ்வளவு நிற்கிறதென்பதை வண்டியில் இருந்தவாறே வாசிக்கலாம். ஒரு கம்பம், கறுப்பும் வெள்ளையுமாகச் சிறிது வர்ணம், வீதியின் இரு விளிம்புகளையும் காட்டும் சில அடையாளக் கற்கள், குறுக்கே போட ஒரு தடை மரம், அதனைப் போடும் அதிகாரமுள்ள ஒரு மனிதர். நமது தாம்போதிகளுக்கு இவற்றைச் செய்யக் கோடிக்கணக்கில் கடன் வாங்க வேண்டியதில்லை. அரச அதிகாரிகளுக்கென இறக்குமதியாகும் நான்கு சில்லு இழுவை வண்டிகளில் ஒன்றின் விலைக்கு எத்தனை தாம்போதிகளில் கம்பம் நடலாமென்று மாகாண சபைகளின் கணக்காளர்கள் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். அவ்வண்டிகளில் பல, கொழும்பு வீதிகளில் தேங்கும் மழைநீரைத் தவிர வேறு நீரைக் கண்டவையுமல்ல.

நண்பரின் மகன் பின்னர் தொலைபேசியில் அழைத்தார். வளையம் பூட்டியாயிற்றாம். அச்சுகளின் பிறீதர் குழாய்களையும் மேலே ஏற்றியாயிற்றாம். “வேற என்ன செய்யோணும் அங்கிள்?” என்று கேட்டார். ஆளுயரத்துக்கு ஒரு தடி வெட்டி வண்டிக்குள் போட்டு வைக்கச் சொன்னேன். சிரித்தார்.