பி.காம். படித்தாயிற்று; வேலை எங்கே?

"அனுபவம் உண்டா?"

கல்லூரிப் படிப்பை முடித்து, கணக்கு எழுதும் வேலை கேட்டுப் போகும் இளைஞர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது.

"இல்லை" என்றால், "அனுபவத்தோடு வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? நீந்தத் தெரிந்தவன்தான் தண்ணீரில் இறங்கலாம் என்றால், நீந்தக் கற்பது எப்போது?

நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த தாய் தந்தையர் வீட்டில் காத்திருக்கிறார்கள். பிள்ளையோ பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி இறங்குகிறான். பெண்களின் கதியும் இதுவே.

முதலாளியின் பயம்

முதலாளிகள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? அதற்கும் காரணம் இருக்கிறது.

2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி அமலுக்கு வந்தது. அதன் பிறகு, ஒரு கடையின் கணக்கில் நேரும் தவறு இன்னொரு கடையையும் பாதிக்கிறது.

ஓர் உதாரணம். பெயிண்ட் மொத்த வியாபாரி ஒருவர், சில்லறைக் கடைக்கு 1 லட்சம் ரூபாய் சரக்கு விற்கிறார். அதற்கு வரி 18 ஆயிரம் ரூபாய். கடைக்காரர் அதையும் சேர்த்துக் கொடுக்கிறார். பிறகு, தாம் கட்டவேண்டிய வரியில் அந்த 18 ஆயிரத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால், மொத்த வியாபாரியின் கணக்கர் அந்த பில்லைக் காட்ட மறந்துவிட்டால்? கடைக்காரரால் கழிக்க முடியாது. அடுத்த தடவை அவர் வேறு வியாபாரியைத் தேடிப் போய்விடுவார்!

தேதியும் தவறக்கூடாது. மாதந்தோறும் கணக்குக் கொடுப்பவர்கள், விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ந் தேதிக்குள் தாக்கல் செய்யவேண்டும். வரிக் கணக்கை 20-ந் தேதிக்குள் கொடுக்கவேண்டும். வரிக் கணக்கு தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் கட்டணம். பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு.

"இவரை நம்பிக் கணக்கை ஒப்படைக்கலாமா?" என்பதே முதலாளியின் கவலை. அதைத்தான் அவர் "அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்.

கல்லூரியும் கடையும்

கல்லூரியில் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். அவை இல்லாமல் கணக்கு இல்லை.

ஆனால் பரீட்சைக் கணக்கில் எல்லாத் தொகையும் கேள்வித்தாளிலேயே இருக்கும். கடையில் அப்படி அல்ல. ஒரு பில் கசங்கியிருக்கும். ஒன்று காணாமல் போயிருக்கும். வங்கிக் கணக்கில் ஒரு தொகை; கடைக் கணக்கில் வேறொரு தொகை. வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் சம்பளம்.

வழி என்ன?

முதல் வழி, ஆடிட்டர் அலுவலகம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அங்கே வேலை நெருக்கடி அதிகம். கல்லூரி முடியும் காலமும் அதுவே. ஆகவே, கோடை விடுமுறை கழியட்டும் என்று காத்திராமல் உடனே போய்க் கேட்கலாம். சம்பளம் குறைவுதான். ஆனால் ஒரே இடத்தில் பல கடைகளின் கணக்கைப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி, தொழில் பழகுநர் பயிற்சி. இதற்கான சட்டம் 1961-ல் வந்தது. 2014-ல் செய்த திருத்தத்தால், என்ஜினீயரிங் படிக்காத பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. இதைக் கவனிக்கும் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது.

மூன்றாவது வழி, வீட்டிலேயே தொடங்கலாம். தெரிந்த கடைக்காரரிடம் அனுமதி பெற்று, ஒரு மாத பில்களை டாலியில் பதிந்து, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம். நேர்முகத் தேர்வில் "இதைச் செய்திருக்கிறேன்" என்று சொல்ல ஒரு விஷயம் கிடைக்கும்.

உஷார்!

வேலைக்கு முன்பணம் கேட்பவரை நம்பவேண்டாம். அசல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

முதலாளிகளுக்கும் கடமை உண்டு. இன்றைய அனுபவசாலியும் ஒருநாள் புதியவராக வந்தவரே. அவருக்கு யாரோ ஓர் இடம் கொடுத்தார்கள். எல்லோருமே அனுபவசாலியைத் தேடினால், நாளைக்கு அனுபவசாலி எங்கிருந்து வருவார்?