புல் போட்டுத் தருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுபவர்கள் திட்டலாம்.

கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இரவு வெளிச்சத்தில் செயற்கைப் புல் மைதானத்தில் பந்து விளையாடிப் படம் போடுகிறார்கள். கீழே, "சேர், நம்ம ஸ்கூலுக்கும் இப்படி ஒண்ணு போடணும்" என்று எழுதுகிறார்கள். ஆசை நியாயமானது. மழை பெய்தால் நம் மைதானங்கள் சேறு. வெயில் வந்தால் கல்லும் குழியும். தோட்டத்துப் பிள்ளை நல்ல மைதானம் கேட்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக்கூடாது.

ஆனாலும் என் கருத்தை நேராகவே சொல்கிறேன். திருத்துவதற்கு ஏற்பாடு இல்லாமல் வருகிற செயற்கைப் புல் நமக்கு வேண்டாம். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

பிளாஸ்டிக்தானே, மழை என்ன செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் புல்லுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மைதானத்தில் மழையே விழவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் திறந்த அஸ்ட்ரோடோம், கூரை போட்ட அரங்கு. உள்ளே இயற்கைப் புல் செத்துப்போனதால்தான் 1966இல் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். 'அஸ்ட்ரோ டர்ஃப்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. திறந்த வெளியில், அதுவும் கடற்கரை ஊரில் விரித்தால் கதை வேறு.

அங்கே முதலில் கெடுவது புல் அல்ல, ஒட்டு. விரிப்பு ஒரே துண்டாக வராது. சுருள் சுருளாக வரும். இரண்டு சுருள் சேரும் இடத்தில் அடியில் ஒரு நாடா வைத்து, பொலியுரெத்தேன் பசை பூசி ஒட்டுவார்கள். காற்றில் ஈரம் கூடினால் இந்தப் பசை நீரோடு சேர்ந்து வாயுவை வெளிவிட்டு நுரைக்கும். நுரைத்த பசைக்குப் பிடிப்பு இல்லை. விரிப்பின் முதுகில் ஈரம் இருந்தாலும் ஒட்டாது. ஆகவே கரையோரத்தில் ஒட்டு விட்ட இடத்தைத் திருத்துபவர், விரிப்பைத் தூக்கிக் காயவைத்து, காலைப் பனி நீங்கிய பிறகுதான் பசையைத் தொட வேண்டும். சாதாரண ஆணி அடித்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும்.

கிழிந்த இடத்துக்கு ஒட்டுப் போடுவதிலும் கணக்கு இருக்கிறது. அதே சுருளில் மிச்சம் வைத்த துண்டாக இருக்க வேண்டும். புல் சாயும் திசை ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பந்து அந்த இடத்தில் வேறு மாதிரி ஓடும், பிள்ளையின் காலும் தடுக்கும். நிழல் விழும் மூலையில் பாசி பிடிக்கும். புல்லுக்கு நடுவே போட்ட மணல் இறுகி, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். அதற்குக் கெட்டியான பிரஷ் போட்டு அடிக்கடி கிளற வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் உள்ள பெரிய உதாரணம் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹொக்கி அரங்கு. 1996இலும் 2005இலும் சாம்பியன்ஸ் கிண்ணம் நடந்த இடம். 2023 ஓகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டிக்காகப் பழைய விரிப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் விரித்த அதே வகை. அங்கே அரசாங்கம் பின்னால் நின்றது, சர்வதேசப் போட்டி முன்னால் நின்றது. அதனால் தேய்ந்த விரிப்பு மாறியது. நம் பாடசாலை விரிப்பு தேய்ந்தால் யார் வருவார்? நல்ல பராமரிப்பில் இருக்கும் விரிப்பே சுமார் பத்து வருடத்தில் மாற்றும் நிலைக்கு வந்துவிடும்.

நம் ஊருக்கு வருவோம். பட்டிப்பொல புகையிரத நிலையம் 6,226 அடி உயரம், நாட்டிலேயே உயரமானது. கடலோரத்தில் உள்ள சூடு இங்கே இல்லை, ஈரம் மட்டும் தாராளமாக இருக்கிறது. மூடுபனி இறங்கினால் லயத்துக் கூரையிலேயே பாசி பிடிக்கிறது, புல்லில் பிடிக்காதா? குளிரில் பசை இறுகவும் அதிக நேரம் எடுக்கும்.

இன்னொன்று, டயரை அரைத்துத் தூவும் இறப்பர் துகள். இப்படியான துகள் மைதானத்தை விட்டு வெளியேறி மண்ணிலும் நீரிலும் சேர்கிறது என்பதால், 2031 ஒக்டோபர் முதல் அதன் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை கொண்டுவருகிறது. நமக்கு மேலே இருக்கும் ஹோர்ட்டன் சமவெளி மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்றுக்கண். இந்தச் சரிவில் கொட்டும் துகள் எந்த ஓடையில் போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் யாராவது புல் போட்டுத் தருகிறேன் என்று வந்தால், மாலை போடுவதற்கு முன்னால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். மாற்று விரிப்புக்கு வருடாவருடம் யார் பணம் ஒதுக்குவது? ஒட்டுப் போட அதே சுருளில் எத்தனை மீற்றர் மிச்சம் தருவீர்கள்? நம் ஊர் இளைஞர் இரண்டு பேருக்குத் திருத்தும் வேலையைப் பழக்குவீர்களா? அடியில் தண்ணீர் எங்கே போகும்? பழைய விரிப்பை யார் எடுத்துச் செல்வது?

பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தில் முதலில் மைதானத்தைச் சுற்றிக் கான் வெட்டுவோம். சரிவு பார்த்து மட்டம் செய்து, நல்ல மண்ணும் மணலும் போட்டு, புல் நடுவோம். கான் வெட்டுவதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது பழுதானால் மண்வெட்டியோடு நாமே இறங்கலாம், கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வக்பு சொத்தின் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தைப் பழுதுபார்ப்பது என்று நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் வைத்திருக்கிறார்கள். பங்கு கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பள்ளிவாசலோ கோயிலோ பாடசாலையோ, பொதுச்சொத்து எதுவானாலும் இந்த ஒழுங்கு பொருந்தும். திறப்பு விழாக் கல்லில் பெயர் பொறிக்க நிறையப் பேர் வருவார்கள். ஐந்தாம் வருடம் ஒட்டு விட்டுப்போகும்போது பசை வாங்கித் தருபவர் யார் என்பதே என் கேள்வி.

கொழும்பில் டர்ஃப் வேலை தெரிந்த நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் கைவேலை அனுபவம்தான் இப்போது ஊருக்குத் தேவை.