இரட்டைக்குழல் என்றால் எந்த இரட்டை?

சென்ற மாதம் கே.கே. நகரில் ஒரு வாசகர் கூட்டம். பேசப்பட்ட நாவலில், 1915இல் ஜமீன்தார் ஒருவர் கவுதாரி வேட்டைக்குப் போகிறார். தோளில், குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த துப்பாக்கி. நான் ஆட்சேபித்தேன். "எதுவானாலும் இரட்டைக்குழல்தானே, இதில் என்ன இலக்கியம்?" என்றார் நண்பர்.

இதில்தான் இருக்கிறது. அத்தகைய துப்பாக்கியை லண்டன் பாஸ் நிறுவனம் 1909இல் செய்தது உண்மை. ஆனால் அது அபூர்வப் பொருள். பிரௌனிங் வடிவமைத்த, பரவலாக விற்ற துப்பாக்கி சந்தைக்கு வந்ததே 1931இல்தான். அதற்கு முன்பே லண்டனிலிருந்து ஒன்றைத் தருவித்த ஜமீன்தார் என்றால் அதுவே ஒரு கதை. அதை ஆசிரியர் சொல்ல வேண்டாமா?

காலப்பிழை மட்டுமல்ல. கவுதாரி காலடிப் புதரிலிருந்து திடீரெனக் கிளம்பும். நாளெல்லாம் காட்டில் நடப்பவனுக்கு, சற்றே மடக்கினாலும் தோட்டா மாற்றிவிடக்கூடிய பக்கவாட்டுக் குழலே தோது. மேல்கீழ் அமைப்பில் கண்ணுக்குத் தெரிவது ஒற்றைக் குழல், குறி தெளிவு. ஆகவே களிமண் தட்டு சுடும் போட்டிகளில் அதுவே கோலோச்சுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பங்கேற்றது அத்தகைய போட்டியில்தான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்கும் 1991 திருத்தத்துக்கும் பின், கவுதாரி வேட்டைக்கு இங்கே எஞ்சிய நியாயமான இடம் எழுத்து மட்டுமே. அங்கும் பிழையென்றால் வேறெங்கே போய்த் தேடுவது? பறவையின் பெயரைப் பிசகாமல் எழுதுகிறவர், அதைக் கொன்ற கருவியையும் பிசகாமல் எழுதட்டும்.